கடலைக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வாரம், இன்னும் ஏன் சிலிர்க்கிறான்?

கேள்வி: டாக்டர், என்னிடம் இரண்டு ஆண் எலிகள் இருக்கின்றன. ஒரே ஈற்றில் பிறந்தவர்கள், கடலை, பொரி என்று பெயர். வயது ஒன்பது மாதம். ஆறு மாதம் வரை ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் படுத்துத்தான் தூங்குவார்கள். அப்புறம் கடலை முடியைச் சிலிர்த்துக்கொண்டு பொரியை மூலைக்கு ஒதுக்க ஆரம்பித்தான். ஒரு நாள் பொரியின் பின்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழித்துவிட்டான். என் விரலையும் ஒருமுறை பதம் பார்த்தான். அதனால் விதை நீக்கும் ஆபரேஷன் செய்தோம். இன்றோடு 22 நாள். தனிக் கூண்டில் வைத்திருக்கிறேன். இன்னமும் கம்பி வழியாகப் பொரியைக் கண்டால் சிலிர்க்கிறான். விதைப்பை அப்படியே இருப்பதுபோலத்தான் தெரிகிறது. எடை 480 கிராமிலிருந்து 525 ஆகிவிட்டது. முன்போல ஓடாமல் என் மடியிலேயே கிடக்கிறான். நேற்று காலை கண்ணோரம் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. என் மாமியார், "பிள்ளையார் வாகனத்தை இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்று வருத்தப்படுகிறார். நான் செய்தது தப்பா? தோழியிடம் ஒரு பெண் எலி இருக்கிறது. அதைக் கடலைக்குத் துணையாக விடலாமா? பொரிக்கும் ஆபரேஷன் செய்துவிட வேண்டுமா?

– ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் அந்த "22 நாள்" என்ற இடத்திலேயே இருக்கிறது. விதைகளை எடுத்து ஒரு நாள் ஆவதற்குள் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த ஹார்மோன் இத்தனை மாதமாக உடம்பிலும் மூளையிலும் செய்துவைத்த வேலை அன்றைக்கே கலைந்துவிடாது. அடுப்பை அணைத்தாலும் தோசைக்கல் ஆற நேரமாகிறதல்லவா? கடலையின் வாடை, முதுகுப் பிசுக்கு, சண்டைக்குணம், முடி எல்லாம் குறையும், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில்தான் குறையும். சண்டைக்குணம் தணிந்ததா இல்லையா என்று சொல்ல நான் ஆறிலிருந்து எட்டு வாரம் வரை பொறுத்துப் பார்ப்பேன். மூன்று வாரத்தில் எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

எட்டு வாரமா என்று உங்களுக்கு மலைப்பாக இருக்கும். எலியின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான். அவன் கணக்கில் ஒரு மாதம் என்பது நமக்கு ஏறக்குறைய இரண்டரை வருடம். அதனால் இந்தக் காத்திருப்பு அவனுக்குத்தான் நீளம், உங்களுக்கு இல்லை. தனிக் கூண்டில் இருக்கும் நாட்களில் அவனோடு தினமும் ஒரு மணி நேரமாவது இருங்கள். எலி தனியே வாழும் பிராணி அல்ல.

விதைப்பை விஷயத்துக்கு வருகிறேன். பூனை, நாய்க்கு ஆபரேஷன் செய்துவிட்டு எலிக்குச் செய்தவர்களை எல்லாம் திகைக்கவைக்கும் இடம் இது. எலிக்கு விதைப்பை உடம்பின் அளவுக்கு மிகப் பெரியது. உள்ளே இருந்ததை எடுத்த பிறகும் அந்தத் தோல் எங்கே போகும்? முதல் வாரம் வீங்கி, விதை இருந்தபோது இருந்ததைவிடப் பெரிதாகக்கூடத் தெரியும். அப்புறம் தொளதொளவென்று தொங்கி, சுருங்கி, ஒன்றிரண்டு மாதத்தில் வாலடியில் ஒரு சின்ன மடிப்பாக நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. எலிக்கு வயிற்றுக்கும் விதைப்பைக்கும் நடுவே இருக்கும் வழி ஆயுள் முழுக்கத் திறந்தே இருக்கும். பயந்தால், குளிரில் இருந்தால், விதைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். கடையில் ஆணைப் பெண் என்று விற்பது பாதி இதனால்தான். விதையை எடுக்கும்போது இந்த வழியை அடைக்காமல் விட்டால் குடலோ கொழுப்போ அதில் இறங்கிவிடும். அதனால் அதைத் தைத்து மூடுவோம், அல்லது அங்கே இருக்கும் கொழுப்பை எடுக்காமல் விட்டுவைப்போம். உங்கள் விரலுக்கு மெத்தென்று தட்டுப்படுவது அந்தக் கொழுப்பாக இருக்கலாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்? தொட்டால் சூடாக, கெட்டியாக, நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டி இருந்தால் அது சீழ்க்கட்டி. எலிகளுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பின் சீழ் கட்டுவது அபூர்வமல்ல. தரையோடு உரசிக்கொண்டே நடக்கும் பிராணி, காயம் இருப்பதோ மூத்திரம் படும் இடத்துக்குப் பக்கத்தில். கட்டி ஒரு சமயம் இருந்து ஒரு சமயம் காணாமல் போனால் அது குடலிறக்கமாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். இந்த இரண்டும் இல்லையென்றால் அந்தத் தோலை விட்டுவிடுங்கள். தினமும் எடுத்து அமுக்கிப் பார்க்காதீர்கள். நானாக இருந்தாலும் கடிப்பேன்.

கூண்டுக்குள் மரத்தூள் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். காயத்துக்கும் ஆகாது, அந்தத் தூசி நுரையீரலுக்கும் ஆகாது. செய்தித்தாளும் அதன்மேல் பழைய பனியன் துணியும் போதும். துணியை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள்.

இப்போது ஒரு வெள்ளைத் துணியை எடுத்து லேசாக நனைத்துக் கடலையின் முதுகில் தோள்பட்டைக்கு நடுவே துடைத்துப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் துடைத்திருந்தால் மஞ்சளும் பழுப்புமாகப் பிசுக்கு வந்திருக்கும். முடியை விலக்கிப் பார்த்தால் தோலில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். பலர் அதைச் சொறி என்று நினைத்துக் கொண்டுவருவார்கள். அது ஆண் எலியின் எண்ணெய்ச் சுரப்பி செய்கிற வேலை, ஹார்மோன் ஊட்டினால்தான் அந்தச் சுரப்பி ஓடும். இப்போது துடைத்தால் குறைந்திருக்கும், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய நின்றேவிடும். இந்தத் துணியை வைத்திருந்து மாதம் ஒருமுறை துடைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆபரேஷன் வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

முடி மாறுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நாளாகும். ஆண் எலியின் முடி தேங்காய் நார்போலச் சொரசொரப்பாக இருக்கும், பெண் எலியின் முடி பட்டு. பழைய முடி உதிர்ந்து புது முடி வரும்போது கடலைக்கும் பட்டுப்போல வரும். இடையில் அங்கங்கே உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். தோல் சிவந்தோ சொறிந்தோ இருந்தால் அது வேறு, பேனோ உண்ணியோ பார்க்க வேண்டும்.

வாடையும் அப்படித்தான். ஆட்டுக்கிடாவுக்குக் காயடித்தால் அந்த முடைநாற்றம் போய்விடும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். எலியிலும் அதே கதைதான். ஆண் எலியின் மூத்திரத்தில் ஒரு புரதம் நிறையப் போகிறது. அதை உண்டாக்குவது ஈரல், உண்டாக்கச் சொல்வது டெஸ்டோஸ்டிரோன். எலி வளர்ப்பவர்களுக்கு வரும் தும்மல், கண்ணரிப்பு, தோல் தடிப்பு ஒவ்வாமைக்குப் பெரிய காரணம் அந்தப் புரதம்தான். வீட்டில் யாருக்காவது கடலையைத் தூக்கினால் கை தடித்ததுண்டா? இனி அது குறையக்கூடும். நடந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரத்தைத் தெளித்துக்கொண்டு போவதும் குறையும், ஆனால் முழுக்க நிற்காது. பெண் எலிகளும் ஓரளவு தெளிக்கத்தான் செய்யும்.

சண்டைக்கு வருவோம், நீங்கள் கேட்க நினைத்ததே அதுதான். கடலை சிலிர்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சிலிர்த்து என்ன செய்கிறான் என்று எழுதவில்லை. அதைத்தான் நான் பார்க்க விரும்புவேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் தன் எலியைக் கொண்டுவந்தார். கூண்டை மேசைமேல் வைத்தவுடன் அந்த எலி என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொரு முடியும் நட்டுக்கொண்டு நிற்க, உடம்பு ஒன்றரை மடங்காகி, முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தது. நண்டு நடப்பதுபோல. நடந்துகொண்டே விலாவைக் கம்பியில் தேய்த்தது, வால் நுனி மட்டும் புழுப்போல நெளிந்தது, மூக்கிலிருந்து "ஹஃப், ஹஃப்" என்று சத்தம். பக்கத்துக் கூண்டில் இருந்த எலியின் வாசனை என் கோட்டில் இருந்திருக்கிறது. அவ்வளவுதான். இதுதான் ஹார்மோன் சண்டை. பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து மாதத்துக்குள் தலைகாட்டும். ஆறு மாதம் வரை நன்றாக இருந்து அப்புறம் மாறினான் என்று நீங்கள் எழுதியதும் இதோடு பொருந்துகிறது. ஆபரேஷன் நன்றாகக் கேட்பது இந்த வகைக்குத்தான்.

பயத்தில் கடிக்கும் எலி வேறு. அது பின்வாங்கும், மூலையில் ஒடுங்கும், கீச்சென்று கத்தும், கை நெருங்கினால் முன்பக்கமாகப் பாய்ந்து கவ்வும். அதற்கு விதையை எடுத்துப் பிரயோசனமில்லை. பொறுமையாகப் பழக்க வேண்டும். எவ்வளவோ பேர் பயந்த எலிக்கு ஆபரேஷன் செய்துவிட்டு "குணம் மாறவே இல்லையே டாக்டர்" என்று வருவார்கள். கத்தி ஹார்மோனைத்தான் எடுக்கும், பயத்தை எடுக்காது.

பொரிக்குப் பின்பக்கத்தில் காயம் என்று எழுதினீர்களே, அது எனக்கு நல்ல தகவல். எலிகள் விளையாட்டாகக் குஸ்தி போடும்போது குறி பிடரி. ஒன்று மற்றதன் பிடரியில் மூக்கை வைத்து உரசப் பார்க்கும், மற்றது மல்லாந்து புரண்டு தப்பும், உடனே மாறி மாறித் துரத்தும். அதில் காயமே வராது. நிஜச் சண்டையில் தாக்குகிறவன் குறிவைப்பது இடுப்பும் பின்பக்கமும். தற்காத்துக்கொள்கிறவன் திருப்பிக் கடிப்பது மூஞ்சியில். ஆகவே இரண்டு எலிகளுக்குக் காயம் இருந்தால், எவனுக்கு எங்கே காயம் என்று பார்த்தே யார் தொடங்கினான் என்று சொல்லிவிடலாம். கடலையின் மூக்கில் கீறல் ஏதும் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வித்தியாசம் இனிமேல்தான் உங்களுக்கு அதிகம் பயன்படும். இருவரையும் மறுபடி சேர்த்த பிறகு ஒருவன் மேல் ஒருவன் ஏறுவான், தள்ளுவான், கீச்சென்று சத்தம் வரும், ஒருவன் மல்லாக்கப் படுப்பான். உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பிடரியைச் சுற்றி நடந்தால் நடக்கட்டும். பின்பக்கத்தைத் தேடிப் போனால் நிறுத்துங்கள்.

ஏறுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பின்னும் சில வாரம் ஏறுவான். இனச்சேர்க்கைப் பழக்கம் ஒரு வரிசையில்தான் மறையும். விந்து வெளிவருவது முதலில் நிற்கும், அப்புறம் புணர்ச்சி, கடைசியில்தான் ஏறுவது. அதோடு, ஏறுவது "நான்தான் பெரியவன்" என்று சொல்கிற பேச்சும்கூட. அந்தப் பேச்சு ஆயுள் முழுக்க இருக்கும். அதைப் பார்த்து ஆபரேஷன் தோற்றது என்று நினைக்க வேண்டாம்.

எட்டு வாரத்துக்குப் பிறகும் சிலிர்த்தால்? ஏற்கெனவே பலமுறை சண்டையில் ஜெயித்த எலிக்குச் சண்டை பழக்கமாகிவிடும், ஹார்மோன் போனாலும் பழக்கம் கொஞ்ச காலம் ஓடும். கடலை இரண்டு, மூன்று மாதம்தான் ஜெயித்திருக்கிறான், அதனால் எனக்கு நம்பிக்கை அதிகம். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. பொரிக்கு யாரும் ஆபரேஷன் செய்யவில்லை, அவன் மறக்கவும் இல்லை. கடலை சும்மா எட்டிப் பார்த்தாலே பொரி பதறி ஓடுவான், ஓடுகிறவனைத் துரத்துவது கடலைக்கு இயல்பு. பாதிச் சண்டை இப்படித்தான் மூளும்.

ஆகவே அவசரப்பட்டு ஒரே கூண்டில் போட்டுவிடாதீர்கள். இப்போதைக்குக் கூண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள், கம்பி வழியாக ஒருவன் விரலை மற்றவன் கடிக்க முடியாத தூரம். மூன்று நாளுக்கு ஒருமுறை அவன் படுத்த துணியை இவனுக்கும் இவன் துணியை அவனுக்கும் மாற்றிப் போடுங்கள். கடலை அந்தத் துணிமேல் சிலிர்த்து நடப்பது நின்று, அதிலேயே சுருண்டு தூங்க ஆரம்பித்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்த படி, இருவருமே இதுவரை போகாத ஓர் இடம். யாருடைய வாசனையும் இருக்கக் கூடாது. துவைத்த போர்வை விரித்த கட்டில் சரியாக வரும். குளியலறைத் தரை வேண்டாம், வழுக்கும், வழுக்கினால் பயப்படும். முதல் நாள் கால் மணி நேரம். கையில் கனமான துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை மூண்டால் துண்டை மேலே போட்டுப் பிரிக்க வேண்டும். வெறும் கையை நடுவில் நீட்டக் கூடாது. எலியின் முன்பற்கள் விரலில் எலும்பு வரை இறங்கும், அந்த நேரத்தில் அவனுக்கு உங்கள் கை என்பது தெரியாது. நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். ரத்தம் வந்தால் அன்றோடு நிறுத்தி, ஒரு வாரம் இடைவெளி விட்டுத் திரும்பத் தொடங்குங்கள். சேர்ந்து உட்கார்ந்து ஒருவன் முடியை ஒருவன் கோதிவிட்டால் பெரிய கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே இருப்பதை எல்லாம் இடம் மாற்றிவைத்து, இருவரையும் ஒரே நேரத்தில் விடுங்கள். சாப்பாட்டுக் கிண்ணம் இரண்டு, தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒளிந்துகொள்ளும் பெட்டிக்கு இரண்டு வாசல். ஒரு வாசல் பெட்டியில்தான் பொரியை மடக்கிக் கடித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

எடை. விதை எடுத்தால் குண்டாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எலியில் அது அவ்வளவு நேரடியாக இல்லை. ஆண் எலி பெண் எலியைவிடப் பெரிதாக வளர்வதே டெஸ்டோஸ்டிரோனால்தான், அதனால் சின்ன வயதில் ஆபரேஷன் செய்த எலி மற்ற ஆண் எலியைவிடச் சிறிதாகத்தான் நிற்கும். தசை குறையும், கொழுப்பின் பங்கு கூடும், தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆனால் மூன்று வாரத்தில் 45 கிராம் ஏறியதற்குக் காரணம் ஹார்மோன் அல்ல, உங்கள் பாசம். ஆபரேஷன் ஆன பிள்ளை என்று என்னென்ன கொடுத்தீர்கள்? நெய்ச்சோறு? பிஸ்கட்? இந்தக் கேள்வியைக் கேட்டால் என் மருத்துவமனையில் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள்.

ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் உலர்ந்த தீனி போதும். எலித்தீனிக் குருணை கிடைத்தால் அதுவே நல்லது. கூடவே வேகவைத்த கொண்டைக்கடலை நாலைந்து, வெள்ளரி, கேரட், வாரம் ஒருமுறை முட்டைவெள்ளை. சோறு, இட்லி எப்போதாவது ஒரு கவளம். ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலை ஆண் எலிக்குக் கொடுக்காதீர்கள். அந்தத் தோல் எண்ணெய் நான் மேலே சொன்ன மூத்திரப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஆண் எலியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். (மனிதருக்கு அந்தப் புரதம் இல்லை, நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.) வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து அவனை எடை போட்டு எழுதுங்கள். குண்டான ஆண் எலிக்கு உள்ளங்காலில் புண் வரும், வயதானால் பின்கால் வலுவிழக்கும்போது தூக்க முடியாத உடம்பு பெரும் பாரம். கோடையிலும் கஷ்டம். எலிக்கு நம்மைப்போல வியர்க்காது, உடம்புச் சூட்டை முக்கியமாக வால் வழியாக வெளியே தள்ளும்.

மடியில் கிடக்கிறான் என்பது உங்களுக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது, இல்லையா? "கலகலப்பாக இருந்தவன் இப்படி அடங்கிட்டானே" என்று. நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். முன்பு அவன் ஓடியதில் எவ்வளவு விளையாட்டு, எவ்வளவு காவல்? ஹார்மோன் ஏறிய ஆண் எலி வெளியே விட்டவுடன் உங்களிடம் வராது, சுவரோரமாக ஒவ்வோர் இடமாகப் போய் மூத்திரம் தெளித்து, பிற எலியின் வாசனையைத் தேடி அலையும். இராக்காவல்காரன் மாதிரி. அந்த வேலை இப்போது அவனுக்கு இல்லை. அதனால்தான் உங்கள் மடி கண்ணில் படுகிறது.

ஆனால் அடங்கியதையும் நோயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மடியில் படுத்திருக்கும்போது பல்லை நரநரவென்று மெல்லமாக அரைக்கிறானா, அப்போது கண் முட்டை லேசாக வெளியே துள்ளி உள்ளே போகிறதா என்று பாருங்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் வலிப்பு என்று அலறுவார்கள். சுகமாக இருக்கும் எலி செய்வது அது. தாடைத் தசை கண்ணுக்குப் பின்னால் ஓடுவதால் பல் அரைக்கும்போது கண்ணும் ஆடுகிறது. கூண்டுக் கதவைத் திறந்தால் மீசை முன்னால் நீள எட்டிப் பார்க்கிறானா? சரி, அவன் நன்றாக இருக்கிறான். மாறாக முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, முடி கலைந்து அழுக்காக, தீனியைத் தொடாமல் இருந்தால் அது வலி அல்லது காய்ச்சல்.

கண்ணோரச் சிவப்பு ரத்தமல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் நிறமி. ஈரப் பஞ்சால் துடைத்தால் இளஞ்சிவப்பாக வரும். மன அழுத்தத்திலும் உடம்பு சரியில்லாதபோதும் அதிகமாக வரும், தூங்கி எழுந்தவுடன் துளி இருந்தால் பெரிய விஷயமில்லை. தும்மலோ மூச்சில் கரகரப்போ சேர்ந்தால் மட்டும் காத்திருக்காமல் காட்டுங்கள். வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவை மைக்கோபிளாஸ்மா கிருமியை நுரையீரலில் சுமந்துகொண்டே வாழ்கின்றன. மயக்க மருந்து, ஆபரேஷன், தனிமை என்று உடம்பு களைத்த நேரத்தில் அது தலைதூக்கும்.

தோழியின் பெண் எலி பற்றி: இப்போது வேண்டவே வேண்டாம். விதையை எடுத்தாலும் குழாயில் ஏற்கெனவே இறங்கிவிட்ட விந்தணுக்கள் சில வாரம் இருக்கும். இதை நான் பாடமாகப் படித்ததைவிட அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவரிடம் "பத்து நாள் போதும், சேர்த்துவிடுங்கள்" என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். ஒரு மாதம் கழித்து அவர் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். திறந்தால் இளஞ்சிவப்பாக ஒன்பது குட்டி. எலிக்குக் கர்ப்பகாலம் 21 முதல் 23 நாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், தப்பிக்க வழியே இல்லை. அன்றிலிருந்து ஆறு வாரம் என்றுதான் சொல்கிறேன். நாலு நாளைக்கோ ஐந்து நாளைக்கோ ஒருமுறை பருவத்துக்கு வரும் பிராணி, ஒரே ஓர் இரவு போதும். ஆறு வாரம் தாண்டிய பிறகு, பொரியோடு சேரவே மாட்டேன் என்று கடலை அடம்பிடித்தால், அந்தப் பெண் எலி நல்ல யோசனைதான். விதை எடுத்த ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். ஆனால் அப்போது பொரி தனியாகிவிடுவான். பொரிக்கு இன்னமும் விதை இருக்கிறது, அவனை அந்தக் கூண்டுப் பக்கமே விடக் கூடாது.

பொரிக்கும் செய்ய வேண்டுமா? அவன் சிலிர்க்கவில்லை, கடிக்கவில்லை, பெண் எலியோடு இருக்கப்போவதில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். எலிக்கு மயக்க மருந்து என்பது விளையாட்டல்ல, காரணம் இல்லாமல் அந்த ஆபத்தை நான் வாங்கமாட்டேன். கடலை அடங்கிய பிறகு சில வீடுகளில் அடுத்தவன் "இனி நான்தான் ராஜா" என்று கிளம்புவதுண்டு. அப்படிக் கிளம்பினால் யோசிக்கலாம், ஒன்றரை வயதுக்குள் என்றால் நல்லது.

செய்வதாக முடிவெடுத்தால் ஐந்து விஷயத்தைக் கேளுங்கள். ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கமா? ஆபரேஷன் நேரத்தில் உடம்புக்குச் சூடு கொடுக்க ஏற்பாடு உண்டா? உள்வழியைத் தைத்து மூடுவார்களா? தையல் தோலுக்குள்ளேயே முடியுமா, ஏனென்றால் வெளியே நூல் தெரிந்தால் அன்று ராத்திரியே கடித்துப் பிரித்துவிடும். வீட்டுக்கு மெலோக்சிகாம் போல வலி மருந்து தருவார்களா? இதையெல்லாம் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள். முதல் நாள் இரவு முதலே பட்டினி போடச் சொன்னால் மட்டும் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். நாய்க்குப் பட்டினி போடுவது வாந்தி எடுத்து மூச்சுக்குழலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. எலியால் வாந்தி எடுக்கவே முடியாது. நெடுநேரம் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரைதான் இறங்கும்.

மாமியாருக்கு என்ன சொல்வது? நீங்கள் தப்புச் செய்யவில்லை என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். கடிபட்டு மூலையில் ஒடுங்கியது பொரி. இரவெல்லாம் தூங்காமல் காவல் காத்தது கடலை. அந்த நிலைமையை மாற்றத்தான் இந்த ஆபரேஷன். பிள்ளையார் வாகனம் எலி அல்ல, மூஞ்சூறு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. மூஞ்சூறு எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் வேறு பிராணி. ஆனால் இதைச் சொல்லி மாமியாரிடம் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பதிலாக ஒரு நாள் அவர் மடியில் கடலையைப் படுக்கவைத்து, காதுக்குப் பின்னால் சொறிந்துவிடச் சொல்லுங்கள். பல் அரைக்க ஆரம்பிப்பான். கண் துள்ளும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள், முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

இன்னும் ஐந்து வாரம் கழித்து மூன்று விவரத்தோடு எழுதுங்கள்: வாரவாரம் எடுத்த எடை, அந்த வெள்ளைத் துணி எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது பக்கவாட்டில் நடந்தான்.